மங்கும் கையும்

மலேசிய ரப்பரின் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளை இரண்டு பீங்கான் சாமான்களை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒன்று மங்கு. தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று கை. கையுறைத் தொழிற்சாலைகளில் சங்கிலியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு, விரல்கள் கீழே பார்க்க, பால் தொட்டியில் முங்கி எழும் வெள்ளைப் பீங்கான் கை. தொழிற்சாலையில் அதன் பெயர் போர்மர். முதலாவதுக்கு நம்மிடம் கதை, கவிதை, பாட்டு எல்லாம் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி நான் படித்த தமிழில் ஒரு வரி இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கையைப் பற்றியது. ஆனால் மங்கிலிருந்துதான் தொடங்க முடியும்.

நான் செர்டாங்காரன். செர்டாங் என்றதும் பலரும் சிலாங்கூரில் பல்கலைக்கழகம் இருக்கும் செர்டாங்கை நினைத்துக்கொள்வார்கள். இது கெடாவின் தென்கோடி, பண்டார் பாரு மாவட்டம். கொஞ்சம் தள்ளினால் பேராக் வந்துவிடும். சுற்றிலும் தோட்டங்கள். இப்போது பெரும்பாலும் செம்பனை. என் பாட்டி காலத்தில் ரப்பர்.

பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டு, பிறகு தன் நிரைக்கு நடை. மரத்தில் கம்பி வளையத்தில் உட்கார்ந்திருக்கும் மங்கை எடுத்து, முந்தின நாள் கட்டிப்பாலைப் பிய்த்து, உள்பக்கத்தைத் துடைத்து, மறுபடி வைத்து, அப்புறம்தான் கத்தியை மரத்தில் வைக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் என் அம்மாவும் மாமாக்களும் மங்கு துடைக்கப் போவார்கள். பல குடும்பங்களில் பிள்ளைகளின் முதல் வேலை அதுதான். மலாயில் மங்குக். நம் வாயில் மங்கு.

அந்த மங்கை ஒரு பொறியாளனாகப் பார்த்தால் அதில் முக்கியமான இடம் உள்பக்கப் பூச்சு. சுட்ட மண்ணை அப்படியே விட்டால் அது தண்ணீரை இழுக்கும். இழுத்தால் பால் சுவரில் ஒட்டிக் கெட்டியாகும், பிய்க்க வராது. அதனால் கண்ணாடி போன்ற மெருகு. மங்கு, தாகமே இல்லாத பாத்திரமாக இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு பாத்திரத்தைப் பார்க்கப்போகிறோம்.

முதலில் சிரட்டை இருந்தது. தகரம், கண்ணாடி, அலுமினியம் எல்லாம் இருந்தன. மெருகிட்ட மண் மங்குகளைச் சுட்டுக் கொடுத்தவர்களில் ஜோகூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த சீனக் குயவர்கள் முக்கியமானவர்கள். மேட்டில் படுத்த பாம்புபோல நீண்டு கிடக்கும் சூளைகள் அவர்களுடையவை. டிராகன் சூளை என்பார்கள். சிங்கப்பூர் ஜாலான் பஹாரில் 1940இல் கட்டப்பட்ட தாவ் குவாங் சூளை இன்றும் நிற்கிறது. இன்று அங்கே சுற்றுலாக்காரர்கள் போய்ப் பூச்சாடி வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் அந்த மாதிரிச் சூளைகளுக்குச் சோறு போட்டது மங்கு. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து விதை கொண்டுபோனதையும், மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்ததையும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கிண்ணம் வேண்டுமே, அத்தனை கோடிக் கிண்ணத்தை யார் செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. தமிழர் வெட்டிய பாலைச் சீனர் சுட்ட மண் ஏந்தியது. இந்த நாட்டு இனங்கள் சந்தித்துக்கொண்ட இடங்களை மேடைகளில் பட்டியல் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது கைக்கு வருகிறேன்.

ரப்பர் கையுறையின் கதையை மருத்துவ வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு காதல் கதையாகச் சொல்கின்றன. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. ஆண்டு 1889, 1890 வாக்கு. அறுவை அறையின் தலைமைத் தாதி கரோலின் ஹாம்டன். கிருமி கொல்வதற்காகக் கையை முக்கும் பாதரசக் கரைசல் அவர் தோலைப் புண்ணாக்கிவிட்டது. வேலையை விட்டுவிடுவாரோ என்று பயந்த அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறை செய்யச் சொன்னார். 1890இல் இருவருக்கும் கல்யாணமும் ஆனது. இதில் என் கண்ணில் பட்டது வேறு ஒரு விவரம். ஹாம்டனின் கைகளைப் பிளாஸ்டரில் வார்ப்பெடுத்து அந்த மாதிரியைத்தான் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள் என்று ஒரு தகவல் சொல்லப்படுகிறது. அப்படியானால் ரப்பர் கையுறையின் தொடக்கத்திலேயே ஒரு பிளாஸ்டர் கை இருக்கிறது. நோயாளியைக் காப்பாற்ற அல்ல, வேலை செய்கிற ஒரு பெண்ணின் தோலைக் காப்பாற்றத்தான் அது பிறந்தது என்பதும் இருக்கிறது.

அந்தக் கை ஒருத்தியின் கை. ஒரே கையை ஆயிரக்கணக்கில், ஒரு மயிரிழை மாறாமல் செய்ய வேண்டுமென்றால் அதற்குப் பீங்கான் வேண்டும், பீங்கானை அந்த வடிவத்துக்குக் கொண்டுவர மறுபடியும் பிளாஸ்டர் வேண்டும். சக்கரத்தில் சுற்றி மங்கு செய்யலாம். ஐந்து விரலைச் சுற்ற முடியாது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்ற பெயருக்குக் காரணம் பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் தோண்டிய ஜிப்சம். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் அதற்குள் இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சுவது பொடி. பொடியில் தண்ணீர் ஊற்றினால் இழந்ததை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு கல்லாக இறுகும். குழைப்பதற்காகக் கூடுதலாக ஊற்றிய தண்ணீர் காயும்போது ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகளை விட்டுப்போகும். துளை நிறைந்த கல் தண்ணீருக்கு ஏங்கும். மங்குக்கு நேர் எதிர் என்று சொன்னேனே, அது இதுதான். தாகத்துக்காகவே செய்யப்பட்ட பாத்திரம்.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் இந்தத் தாகத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். பிரான்ஸில் பார்த்துவிட்டு 1740களில் இதைக் கொண்டுவந்தவர் கோப்ரிட்ஜ் ஊர்க்காரர் ரால்ஃப் டேனியல் என்பது அந்த ஊர்ப் பேச்சு. அதற்கு முன்பு சுட்ட மண்ணில் அச்சு செய்தார்கள். பிளாஸ்டர் அச்சு வந்ததும் கெண்டி, சாஸ் கிண்ணம், மூக்கும் கைப்பிடியுமாக வளைந்து நெளிந்த எல்லாமே ஒன்றுபோல நூறு செய்ய முடிந்தது. விருத்தாசலத்தில் கொலுவுக்குப் போகும் பீங்கான் பொம்மைகள் வார்ப்பதும் இதே வித்தைதான். கோலாகங்சார் பக்கம் சாயோங்கில் மலாய்ப் பெண்கள் கையால் வளைத்த கரிய நீர்க்குடுவை, லாபு சாயோங், இன்று பல பட்டறைகளில் பிளாஸ்டர் அச்சில் வார்க்கப்படுகிறது. வாங்குகிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

செய்முறை பார்க்க எளிது. களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் எல்லாவற்றையும் நைசாக அரைத்துத் தண்ணீரில் கரைத்த குழம்பு. ஆங்கிலத்தில் சிலிப் என்பார்கள். நிபோங் திபால் வளாகத்தில் படித்தபோது அதை முதன்முதலில் வாளியில் பார்த்ததும் எனக்கு வேறு பெயர் தோன்றவே இல்லை: மண்பால். அதே வெள்ளை, அதே கனம், ஊற்றும்போது அதே மடிப்பு. அச்சில் ஊற்றியதும் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும், சுவரையொட்டி மண் ஒரு தோலாகப் படியும். வேண்டிய தடிப்பு வந்ததும் நடுவில் மிஞ்சியதைக் கவிழ்த்து வடித்துவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் தோல் சுருங்கி அச்சிலிருந்து தானே விடுபடும். உள்ளே வெற்றிடமுள்ள உரு கையில் வரும்.

எளிது என்றேன். எளிதானது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதுவரை குழம்பை ஊற்றும்படி இளக்க நிறையத் தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தது. தண்ணீர் அதிகமானால் அச்சு சீக்கிரம் நனைந்து சோர்ந்துவிடும், உருவும் காயும்போது வெடிக்கும். பிறகு சோடியம் சிலிக்கேட், சோடா மாதிரிப் பொருள்களைத் துளியூண்டு சேர்த்தால் மண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும் என்று கண்டுபிடித்தார்கள். குறைந்த தண்ணீரிலேயே குழம்பு எண்ணெய்போல ஓடியது. ஒரு லிட்டர் மண்பால் 1.8 கிலோ வரை கனக்கும், ஆனாலும் ஓடும்.

கையை வார்ப்பது கெண்டி வார்ப்பதைவிடக் கஷ்டம். தோலின் தடிப்பு நேரத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். இரண்டு மடங்கு தடிப்பு வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். உள்ளங்கைக்குப் போதுமான நேரம் கொடுத்தால் சுண்டுவிரலில் இரண்டு பக்கத் தோலும் நடுவில் சந்தித்து அடைத்துக்கொள்ளும். விரல் கெட்டியாகிவிட்டால் சூளையில் அது வேறு வேகத்தில் சுருங்கும், விரல் இடுக்கில் விரிசல் விழும். சூளை 1,300 டிகிரியை ஒட்டிப் போகும். காய்ச்சலிலும் சுடுதலிலுமாக உரு பத்துப் பதினைந்து சதவீதம் சுருங்கும். ஆகவே முதல் மாதிரிக் கையை அந்தக் கணக்குக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும், ஒரு ராட்சசக் கை. அதிலிருந்து தாய் அச்சு, தாய் அச்சிலிருந்து வேலை அச்சுகள். வேலை அச்சு நூறு தடவை அளவுக்குத்தான் தாங்கும். குழம்பில் உள்ள சோடா அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பிறகு தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது.

அச்சு இரண்டு பாதி. சேரும் இடத்தில் கையின் ஓரமாக ஒரு கோடு விழும். சுடுவதற்கு முன் அதைக் கத்தியால் சீவி ஈரப் பஞ்சால் தேய்க்க ஆட்கள் உண்டு. அந்தக் கோடு கொஞ்சம் மிஞ்சினாலும் அந்தக் கையில் பிறக்கும் ஒவ்வொரு கையுறையிலும் அதே இடத்தில் பலவீனம் இருக்கும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டுச் சோதிக்கும்போது அங்கேதான் கசியும். எங்கோ ஓர் ஊரில் ஒரு தாதியின் விரலில் ரத்தம் படுவதும் படாததும் ஈரப் பஞ்சு பிடித்த அந்தக் கையைப் பொறுத்தது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

நான் வேலை செய்யும் கூலிம் தொழிற்சாலையிலிருந்து விளிம்பு உடைந்து ஒதுக்கிய போர்மர் ஒன்றை அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாட்டி அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இது சோத்துக்கையா, பீச்சாங்கையா?"

"ரெண்டும் இல்லம்மா" என்றார் அம்மா. "எந்தக் கையிலயும் மாட்டிக்கலாம்."

பாட்டி நம்பவில்லை. ஆனால் அதுதான் உண்மை. அறுவைக்கான கையுறைக்குத்தான் வலது இடது. பெட்டி பெட்டியாக வரும் சாதாரணக் கையுறைக்குக் கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே தளத்தில் தட்டையாக நிற்கும். மனித உடம்பில் இல்லாத கை அது. செலவைக் குறைக்கத் தொழிற்சாலை கண்டுபிடித்த கை.

அம்மாவுக்கு அது தெரியும். அவரும் அங்கிருந்து வந்தவர்தான்.

1987 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம், எல்லா நோயாளிகளின் ரத்தத்தையும் எய்ட்ஸ் தொற்று உள்ளதாகவே கருதிக் கையுறை போட வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்தியது. உலகம் முழுவதும் கையுறைக்குத் தட்டுப்பாடு. மலேசியாவில் பால் இருந்தது. தொழிற்சாலைகள் மழைக்காலக் காளான்போல முளைத்தன. சில வருடத்தில் விலை விழுந்ததும் பலவற்றுக்குப் பூட்டு. பிழைத்தவை பெருத்தன. கெடாவில் கூலிமும் சுங்கைப்பட்டாணியும் கையுறை ஊர்களாயின. அதே ஆண்டுகளில்தான் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தன, சில வீட்டு மனைகளாகிக்கொண்டிருந்தன. 1990களின் தொடக்கத்தில் ரப்பர் உற்பத்தியில் தாய்லாந்து நம்மை முந்தியது. லயத்து வாசலுக்குக் கம்பெனி பஸ் வரத் தொடங்கியது. பாட்டி பிரட்டுக்குப் போன அதே இருட்டில் அம்மா பஸ் ஏறினார்.

அவர் வேலை உருவுவது. அடுப்பிலிருந்து வெளிவரும் கை ஒவ்வொன்றிலிருந்தும் சூடு ஆறுமுன் கையுறையைக் கழற்ற வேண்டும். சங்கிலி நிற்காது. இப்போது பல இடங்களில் அதற்கு இயந்திரம் இருக்கிறது. அம்மா காலத்தில் விரல்தான். கையுறையை உருவுகிறவர் கையில் கையுறை போட்டால் பிடி கிடைக்காது. வருடக்கணக்கில் சூடும் பொடியும் பட்டு அவர் விரல் நுனிகள் வழுவழுப்பாகிவிட்டன. அடையாள அட்டைக்கு ரேகை எடுத்தபோது கருவி மூன்று தடவை மறுத்தது. வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வோம்.

சங்கிலியில் நடப்பது என்ன என்று நான் படித்தறிந்தபோதுதான் கொஞ்சம் திகைத்தேன். பீங்கான் கை முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முங்கும். காய்ந்து, பால் தொட்டியில் இறங்கும். ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பவை. கால்சியம் பட்டதும் அந்தத் தள்ளல் அறுந்து, கையின் மேல் தோலாகப் படியும். மண்பாலும் இதே கதைதான். மண் துகளுக்கும் எதிர்மின்னூட்டம். பிளாஸ்டர் தண்ணீரை இழுப்பதோடு நிற்பதில்லை, அதிலிருந்து கரையும் கால்சியமும் மண்ணைச் சுவரோரம் கட்டியாக்க உதவுகிறது. ஆக, கை பிறப்பது ஒரு வெள்ளைத் திரவம் கால்சியத்தைத் தொட்டுத் தோலாவதால். அந்தக் கையில் கையுறை பிறப்பதும் அப்படியே. முன்னதில் தோல் அச்சுக்கு உள்ளே, பின்னதில் வெளியே. பாட்டியின் மங்கிலும் பால் இரவில் தானே கட்டியானது. மூன்று தலைமுறையும் ஒரே வேதியியலைத்தான் கூலிக்குச் செய்திருக்கிறோம்.

பீங்கானைத் தேர்ந்தெடுத்த காரணம் பொறுமை. ஒவ்வொரு சுற்றிலும் அமிலம், காரம், தூரிகை, கொதிநீர், நூறு டிகிரிக்கு மேல் அடுப்பு, மறுபடி குளிர்ந்த தொட்டி. அலுமினியத்தைக் காரம் அரிக்கும். பீங்கான் வாய் திறக்காது, விரிசல் விழும் நாள்வரை. இன்றைய வேகமான வரிசைகள் மணிக்கு 40,000 கையுறைக்கு மேல் கொடுக்கின்றன.

பிறகு பால் போய்விட்டது. மரப்பாலின் புரதம் சிலருக்கு ஒவ்வாமை தருகிறது என்று 1990களில் தெரிந்தது. கையுறைக்குள் தூவும் பொடி அந்தப் புரதத்தைக் காற்றில் பரப்பியது. அமெரிக்கா 2017 ஜனவரியில் பொடியிட்ட மருத்துவக் கையுறையைத் தடையே செய்தது. இடைப்பட்ட காலத்தில் பெட்ரோலியத்திலிருந்து வரும் நைட்ரைல் மரப்பாலின் இடத்தைப் பெரும்பகுதி பிடித்துவிட்டது. மீதி மரப்பால் கையுறைக்கும் பால் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வருகிறது. நான் தினமும் பார்க்கும் தொட்டியில் இருப்பது எந்த மரத்தின் பாலும் அல்ல. மரம் போனது, வெட்டுகிறவர் போனார், மங்கு போனது. பீங்கான் கை மட்டும் மாறவில்லை. நைட்ரைலும் அதே கால்சியத்துக்குத்தான் கட்டுப்படுகிறது.

கைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களும் மாறிவிட்டார்கள். வங்காளதேசத்தவர், நேபாளத்தவர். கொரோனா காலத்தில் உலகக் கையுறையில் பாதிக்கு மேல் இந்த நாட்டிலிருந்து போனபோது, பங்குச் சந்தையில் கையுறை நிறுவனங்கள் தங்கமாயின. அதே 2020 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய கையுறை நிறுவனத்தின் இரண்டு துணை நிறுவனங்களின் சரக்கை, கட்டாய உழைப்பு என்ற காரணத்தால் அமெரிக்கச் சுங்கத்துறை நிறுத்தியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான் தடை நீங்கியது. ஊரில் தரகருக்குக் கடன்பட்டு, கடவுச்சீட்டு கைமாறி, நெரிசலான விடுதியில் படுத்து எழும் ஆட்களைப் பற்றி அப்போது நாளிதழ்களில் படித்தபோது எனக்குக் கங்காணி முறை நினைவுக்கு வந்தது. கடன், முன்பணம், லயம். நம் ஆட்கள் சிலரே இப்போது அவர்களை "பங்களா" என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்கிறார்கள். நம்மை இந்த நாட்டில் எப்படி இழுத்துச் சொன்னார்கள் என்பது மறந்துபோயிருக்கலாம்.

நம் எழுத்தாளர்கள்மேல் எனக்குள்ள குறையும் இங்கேதான். மலேசியத் தமிழில் தோட்டம் இன்னும் எழுதப்படுகிறது, நன்றாகவே எழுதப்படுகிறது. மங்கு, வாளி, ஒட்டுப்பால், அதிகாலைப் பனி. அதில் பாதி என் வயதுக்காரர்கள் எழுதுவது. அவர்களில் பலர் மரம் வெட்டியதில்லை. அவர்களுடைய அம்மாக்கள் தொழிற்சாலையில் நின்றவர்கள். அந்த முப்பது வருட ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ், ஓவர்டைம், அம்மோனியா வாடை, பல் தெரியும் சங்கிலி, இவை கதைக்குள் வரவில்லை. பாட்டியின் வேலைக்கு ஒரு சொல்வளம் இருக்கிறது. அம்மாவின் வேலைக்கு இல்லை. போர்மருக்குத் தமிழில் என்ன பெயர் என்று அம்மாவிடம் கேட்டேன். "கைதான். கைன்னுதான் சொல்வோம்" என்றார். கை உடைஞ்சிருச்சு, கை வரல, பத்தாவது கை கோணல். அகராதியில் இல்லாவிட்டாலும் அது போதுமான சொல்தான், எழுதினால்.

சுட்ட பீங்கானைத் திரும்பக் கரைக்க முடியாது. உடைந்த கைகளை மூட்டை கட்டி வைப்பார்கள், லாரி வந்து அள்ளிப்போகும். சில எப்படியோ வெளியே வந்துவிடுகின்றன. எங்கள் தாமானில் கடைசி வீட்டில் வேலியோரம் ஒரு ஏழெட்டுக் கைகளை விரல் மேலே பார்க்க மண்ணில் நட்டு வைத்திருக்கிறார்கள். அதன்மேல் பாகற்கொடி ஏறியிருக்கிறது. போன மாதம் பாட்டி அந்த வழியாகப் போனபோது நின்று, ஒரு கையின் உள்ளங்கையில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைக் கட்டைவிரலால் வழித்துத் துடைத்துவிட்டு நடந்தார்.